வியூ பாயிண்டுக்கு முன்னால் ஒரு வீடு இருந்தது

அக்டோபர் பிறந்துவிட்டால் வாஷிங்டனைச் சுற்றியுள்ள ஊர்களில் வார இறுதிப் பேச்சு ஒன்றுதான்: "ஸ்கைலைன்ல கலர் வந்தாச்சா?" தமிழ் வாட்ஸ்அப் குழுக்களிலும் இதே கேள்வி சுற்றும். போன சனிக்கிழமை போய்வந்த யாராவது நாலு படம் போடுவார்கள். "மேலே செவந்தாச்சு, கீழே இன்னும் பச்சைதான், அடுத்த வாரம் போங்க" என்று கூடவே ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பு சரியானதுதான். பகல் சுருங்கிக் குளிர் ஏறும்போது இலையின் பச்சையம் உடைகிறது. அதுவரை பச்சைக்கு அடியில் ஒளிந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. சில மரங்கள் கடைசி நேரத்தில் சிவப்பைப் புதிதாகவே தயாரிக்கின்றன. குளிர் முதலில் பிடிப்பது உச்சியை. அதனால் நிறம் மேலே தொடங்கி, நாளொரு படியாகச் சரிவில் இறங்கி, கடைசியில் அடிவாரத்து ஊர்களுக்கு வந்து சேரும்.

இதைப் பார்ப்பதற்கென்றே அமைந்த மாதிரி வர்ஜீனியாவின் ப்ளூ ரிட்ஜ் மலையின் முதுகில் 105 மைல் நீளத்துக்கு ஒரு சாலை ஓடுகிறது. பெயர் ஸ்கைலைன் டிரைவ். வடக்கே ஃப்ரன்ட் ராயல் என்ற சிற்றூரில் ஏறினால் தெற்கே வேன்ஸ்பரோவுக்குப் பக்கத்தில் ராக்ஃபிஷ் கேப் கணவாயில் இறக்கிவிடும். அங்கிருந்து ப்ளூ ரிட்ஜ் பார்க்வே தொடங்கி இன்னும் 469 மைல் போகிறது, வட கரோலினாவின் செரோக்கி வரைக்கும். ஸ்கைலைனில் வேக வரம்பு மணிக்கு 35 மைல். 105 மைலுக்குள் சுமார் 70 வியூ பாயிண்டுகள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சீக்கிரம் போக நினைப்பவர் யாரும் இதில் ஏறமாட்டார். பார்ப்பதற்காகவே போட்ட சாலை இது.

பார்க்கிறோம். இரண்டு பக்கமும் ஆளரவமில்லாத காடு. ஓக், மேப்பிள், ஹிக்கரி. "மனுஷன் கைபடாத இடம்" என்று படத்துக்கு அடியில் எழுதத் தோன்றும். அந்தக் காட்டின் கணிசமான பகுதிக்கு வயது தொண்ணூறு சொச்சம்தான். அதற்கு முன்னால் அங்கே ஆப்பிள் தோப்பு இருந்தது, மக்காச்சோளக் கொல்லை இருந்தது, மாடு மேயும் புல்வெளி, பள்ளிக்கூடம், தேவாலயம், இடுகாடு எல்லாம் இருந்தன. வீடுகளும் இருந்தன. இந்தக் காடு எப்படி வந்தது, இதில் ஆள் எப்படி இல்லாமல் போனார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பூங்கா வேண்டும் என்று கேட்டவர்கள்

1920களில் அமெரிக்காவின் பெரிய தேசியப் பூங்காக்கள் ஏறக்குறைய எல்லாமே மேற்கில் இருந்தன. ஜனமோ கிழக்கில். ஃபோர்டு கார் மலிவாகி, நடுத்தரக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை வெளியே கிளம்பப் பழகிக்கொண்ட காலம். கிழக்கிலும் ஒரு பூங்கா வேண்டும் என்று 1924இல் மத்திய அரசு ஒரு குழு போட்டு இடம் தேடியது. எங்கள் மலையைப் பாருங்கள் என்று முதலில் கையைத் தூக்கியவர்களில் அடிவாரத்து ஊர்க்காரர்கள் இருந்தார்கள். லூரே என்ற ஊரில் 1878இலேயே ஒரு பெரிய சுண்ணாம்புக் குகை கண்டுபிடிக்கப்பட்டு, சுற்றுலாக் காசின் ருசி அந்த ஊருக்குப் பழகியிருந்தது. லூரேயின் வணிகர் ஃபெர்டினாண்ட் ஸெர்கல் பூங்காவுக்காக வருடக்கணக்கில் ஓடியாடினார். மலைமேல் ஸ்கைலேண்ட் என்ற தங்குமிடத்தை நடத்திவந்த ஜார்ஜ் ஃப்ரீமன் பொல்லாக் அவரோடு சேர்ந்துகொண்டார். 1890களில் கூடாரங்களோடு தொடங்கிய அவருடைய தங்குமிடத்துக்கு நகரத்துப் பணக்காரர்கள் கோடையில் வந்து போவார்கள்.

1926இல் காங்கிரஸ் சம்மதித்தது. ஆனால் மத்திய அரசு நிலத்துக்கு ஒரு டாலரும் தராது, மாநிலமே வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. 'ஒரு ஏக்கர் வாங்கிக் கொடுங்கள், விலை 6 டாலர்' என்று மக்களிடம் நன்கொடை வசூலித்தார்கள். மேற்குப் பூங்காக்கள் பெரும்பாலும் அரசு நிலத்திலிருந்து பிரித்தவை. அங்கிருந்த பழங்குடிகளை விரட்டிய கதை வேறு, அது அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. இங்கேயோ ஒவ்வொரு ஏக்கருக்கும் ஒரு சொந்தக்காரர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டு நிலங்கள், எட்டு மாவட்டங்களில் சிதறிக்கிடந்தன. ஒவ்வொருவரிடமும் பேரம் பேசினால் ஆயுசு போதாது. 1928இல் வர்ஜீனியா ஒரு கையகப்படுத்தல் சட்டம் கொண்டுவந்தது. தனித்தனியாக வழக்குப் போடாமல், ஒரு மாவட்டத்தில் தேவைப்படும் நிலம் அத்தனையையும் மொத்தமாக எடுக்க அது வழிசெய்தது. விலையை ஒரு மதிப்பீட்டுக் குழு சொல்லும். விற்க விருப்பமா என்ற கேள்விக்கே அதில் இடமில்லை.

காங்கிரஸ் முதலில் மனதில் வைத்த பரப்பு 5,21,000 ஏக்கர். பணமும் இல்லை, பொருளாதார மந்தமும் வந்தது. குறைந்தபட்ச அளவு 1,60,000 ஏக்கருக்கு இறங்கியது. பூங்கா சுருங்கச் சுருங்க, பணமும் வக்கீலும் இருந்த தோட்டக்காரர்கள் பலருடைய அடிவார நிலம் எல்லைக்கு வெளியே தப்பித்தது. மேட்டு நிலக்காரர்கள் உள்ளே மாட்டினார்கள்.

சாலை முந்திக்கொண்டது

வேடிக்கை என்னவென்றால், பூங்காவுக்கு முன்னால் சாலை வந்துவிட்டது. அன்றைய ஜனாதிபதி ஹெர்பர்ட் ஹூவர் தூண்டில் போடுவதில் பிரியமுள்ளவர். ராபிடான் ஆற்றின் தலைப்பில் மரவீடுகள் கட்டி, கோடையில் அங்கே வந்து தங்குவார். 1930இல் வர்ஜீனியாவில் கடும் வறட்சி. ஆப்பிள் காய்க்கவில்லை, சோளம் கருகியது. வறட்சி நிவாரண நிதியிலிருந்து உள்ளூர்க்காரர்களுக்குக் கூலி கிடைக்கிற மாதிரி மலைமுதுகில் ஒரு சாலை போடலாம் என்று முடிவானது. 1931 கோடையில் வேலை தொடங்கியது. மேரிஸ் ராக் என்ற பாறையைக் குடைந்து 600 அடிக்கும் நீளமான சுரங்கப் பாதை 1932இல் முடிந்தது. 1934 செப்டம்பரில் நடுப்பகுதி கார்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்த இலையுதிர்காலத்திலேயே கூட்டம் வரத் தொடங்கிவிட்டது.

அந்த மலையின் ஆட்கள் சிலர் அந்தச் சாலைக்குக் கல் உடைத்தார்கள். பஞ்ச காலத்தில் கூலி கிடைத்தது, உடைத்தார்கள். 1934இன் தொடக்கத்தில் தேசியப் பூங்காச் சேவை ஒரு நிபந்தனையை அறிவித்தது. பூங்கா எல்லைக்குள் ஒருவரும் குடியிருக்கக் கூடாது, ஆட்களைக் காலிசெய்து கொடுத்தால்தான் நிலத்தை ஏற்றுக்கொள்வோம். அதுவரை, நிலம் அரசுக்குப் போனாலும் நாம் இங்கேயே இருக்கலாம் என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடக் கணக்குப்படி எல்லைக்குள் சுமார் 465 குடும்பங்கள் இருந்தன. பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் நம்மூர் பாஷையில் சொன்னால் பட்டா இல்லை. குத்தகைக்கோ, மேல்நிலத்து மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பிலோ, தலைமுறையாக இருந்த அனுபவ பாத்தியதையிலோ குடியிருந்தவர்கள். நிலத்துக்கு நஷ்ட ஈடு சொந்தக்காரருக்கு. இவர்களுக்கு ஒன்றுமில்லை.

ஒரு ஜனத்தைப் பற்றி என்ன சொல்ல வேண்டும்?

வீட்டை விட்டு ஒரு குடும்பத்தை எழுப்புவது கஷ்டம். ஆனால் அவர்கள் வாழ்வதே வாழ்க்கையில்லை என்று ஊரை நம்பவைத்துவிட்டால் அது உபகாரமாக மாறிவிடும்.

1933இல் 'ஹாலோ ஃபோக்' என்று ஒரு புத்தகம் வந்தது. ஹாலோ என்பது இரண்டு மலைமுதுகுகளுக்கு நடுவிலுள்ள குறுகிய பள்ளம். அதில் ஓடை இருக்கும், ஓடையோரமாக வீடுகள் இருக்கும். சிகாகோப் பல்கலைக்கழகத்து உளவியலாளர் மாண்டல் ஷெர்மனும் பத்திரிகையாளர் தாமஸ் ஹென்றியும் எழுதிய நூல். ஐந்து ஹாலோக்களை எடுத்துக்கொண்டு, நாகரிகத்தின் ஏணிப்படிகள் போல அடுக்கினார்கள். கீழ்ப்படியில் வைத்த ஹாலோவில் மனிதர்கள் வெளியுலகமே தெரியாமல், காலத்தில் உறைந்துபோய் இருப்பதாகச் சித்திரம். புனைபெயரில் வந்தாலும், எல்லாருக்கும் தெரிந்தது அது கார்பின் ஹாலோ என்று.

இரண்டு வருடம் கழித்து, 1935 அக்டோபரில், மீள்குடியேற்ற நிர்வாகம் ஓர் இளைஞரைக் கேமராவோடு அங்கே அனுப்பியது. ஆர்தர் ரோத்ஸ்டீன், வயது 20. அடுத்த வருடம் ஓக்லஹோமாவில் புழுதிப்புயலுக்குள் ஒரு தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் குனிந்தபடி நடக்கும் புகழ்பெற்ற படத்தை எடுக்கப்போகிறவர். நிக்கல்சன் ஹாலோவிலும் கார்பின் ஹாலோவிலும் அவர் எடுத்த படங்கள் இன்றும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. கிழிந்த உடுப்புக் குழந்தைகள், சுவரில் செய்தித்தாள் ஒட்டிய வீடுகள். ஆனால் நிதானமாகப் பார்த்தால் வேறு பலவும் தெரியும். நேராக நிமிர்ந்து லென்ஸைப் பார்க்கும் கிழவர்கள், உலர்த்திய ஆப்பிள், பதப்படுத்திய பழப் புட்டிகள். குளிர்காலத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் வீடுகள் அவை. அடுத்த குளிர்காலத்துக்கு அங்கே இருப்போமா என்று தெரியாத வீடுகளும்கூட.

அறுபது வருடம் கழித்து, 1990களில், ஆட்ரி ஹார்னிங் என்ற தொல்லியலாளர் அதே ஹாலோக்களில் ஆய்வு செய்தார். வெளியுலகம் தெரியாத ஜனம் என்று எழுதப்பட்டிருந்தவர்களின் வீட்டு மண்ணிலிருந்து கிராமபோன் தட்டுகள் கிடைத்தன. கடையில் வாங்கிய பொம்மைகள், மருந்துப் புட்டிகள், பூப்போட்ட பீங்கான் தட்டுகள், கார் பாகங்கள் கிடைத்தன. அஞ்சலில் பொருள் தருவிக்கும் வழக்கம் அமெரிக்கா முழுக்கப் பரவியிருந்தபோது இவர்களிடமும் பரவியிருந்தது. அவ்வளவுதான்.

கார்பின் ஹாலோ ஏழ்மையாக இருந்தது என்பது பொய்யில்லை. ஏன் ஏழ்மை என்பதில்தான் புத்தகம் தடம் மாறியது. பக்கத்திலேயே மலைமேல் பொல்லாக்கின் ஸ்கைலேண்ட் இருந்தது. ஹாலோக்காரர்களில் பலர் அங்கே கூலி வேலை பார்த்தார்கள், விருந்தினர்களுக்குக் கூடை பின்னி விற்றார்கள். அந்த வரும்படியை நம்பி வாழப் பழகியிருந்தார்கள். 1929க்குப் பிறகு விருந்தினர் வரத்து விழுந்தது, வரும்படியும் விழுந்தது. இன்னொரு வருமானமும் அதற்குள் போயிருந்தது. அந்த மலைகளில் அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்கள் ஏராளம். இலையுதிர்காலத்தில் கொட்டும் கொட்டைகளைப் பொறுக்கி அடிவாரக் கடையில் போட்டால், பிள்ளைகளுக்குச் செருப்பும் குளிருக்குச் சாமானும் வாங்கலாம். 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய் தெற்கே பரவி அந்த மரங்களைச் சாய்த்துவிட்டது. வீட்டில் காய்ச்சிய ஆப்பிள் பிராந்தி விற்கலாம் என்றால், வர்ஜீனியாவில் 1916லேயே மதுவிலக்கு. ஆக, உலகத்திலிருந்து ஒதுங்கியிருந்ததால் வந்த வறுமை இல்லை அது. உலகத்தோடு கட்டுண்டிருந்ததால் வந்தது. சுற்றுலா தந்து பறித்த வறுமையைக் காட்டி, சுற்றுலாவுக்காகவே அவர்களை எழுப்பினார்கள்.

இந்தக் கதையில் இன்னும் இருட்டான ஒரு மூலை உண்டு. 'தகுதியற்றவர்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய வர்ஜீனியா 1924இல் சட்டம் போட்டிருந்தது. 1927இல் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது. மலையிலிருந்து அகற்றப்பட்டவர்களில் சிலர், புது வீட்டுக்குப் போகாமல், லிஞ்ச்பர்க் அருகே மனவளர்ச்சி குன்றியவர்களுக்கென்று நடத்தப்பட்ட அரசுக் காலனிக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு புத்தகம் போடும் படிநிலை புத்தகத்தோடு நிற்பதில்லை.

1935 அக்டோபர்

ரோத்ஸ்டீன் படம் எடுத்துக்கொண்டிருந்த அதே மாதம், தார்ன்டன் கேப் பக்கம் மெலாங்க்டன் கிளைசர் என்ற அறுபது வயதைத் தாண்டியவர் வீட்டுக்கு ஷெரிஃபின் ஆட்கள் வந்தார்கள். கிளைசர் ஒன்றும் காட்டுக்குள் ஒளிந்திருந்தவர் இல்லை. நெடுஞ்சாலையோரம் நிலமும் வியாபாரமும் உள்ள மனிதர். அரசு கொடுத்த பணத்தை வாங்க மறுத்திருந்தார். அவருக்கு விலங்கு மாட்டினார்கள். அவர் அமெரிக்க தேசிய கீதத்தைப் பாடினார். அது சட்டப்படி தேசிய கீதமாகி அப்போது நாலு வருடம்தான் ஆகியிருந்தது. அவர் மனைவி வீட்டை விட்டு நகர மறுத்துத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். சாமான்கள் சாலையோரத்துக்கு வந்தன.

ராபர்ட் வியா என்ற தோட்டக்காரர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். ஒரு மாநிலம் தன் மக்களின் நிலத்தை எடுத்து இன்னோர் அரசுக்குத் தானம் செய்ய முடியுமா என்பது அவர் கேள்வியின் சாரம். 1935 நவம்பரில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. அடுத்த மாதம் 26ஆம் தேதி ஷெனன்டோவா தேசியப் பூங்கா அதிகாரபூர்வமாகப் பிறந்தது. 1936 ஜூலை 3 அன்று ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பிக் மெடோஸ் புல்வெளிக்கு வந்து அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

ஆனால் ஆட்கள் அன்றைக்கும் முழுசாகப் போய்விடவில்லை. அவர்கள் அதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்கள் சுமார் 300 பூங்காவின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் எழுதியவை. பெரிய வாதங்கள் அவற்றில் குறைவு. காலியான பக்கத்து வீட்டின் ஜன்னலைக் கழற்றிக்கொள்ளலாமா? நான் நட்ட தோப்பின் ஆப்பிளை இந்த வருடம் பறித்துக்கொள்ளலாமா? பட்டுப்போன செஸ்ட்நட் மரத்தை விறகுக்கு வெட்டலாமா? சொந்த மரத்துக் காயைப் பறிக்க அனுமதி கேட்டு எழுதுகிற நிலைமையை நினைத்துப் பாருங்கள். அதுவும் மரியாதையாக, தேதி போட்டு.

கொஞ்சம் பேருக்கு அரசே அடிவாரத்தில் குடியிருப்புகள் கட்டிக் கொடுத்தது. லூரே பக்கத்து ஐடா வேலி அதில் ஒன்று. நல்ல வீடுகள்தான். ஆனால் இலவசமில்லை, தவணை கட்ட வேண்டும். ஓடைத் தண்ணீரும் காட்டு விறகுமாக ரொக்கம் அதிகம் தேவைப்படாமல் வாழ்ந்தவர்களுக்கு, மாதாமாதம் ரொக்கம் கேட்கும் வீடு. மிகவும் வயதான சிலரை மட்டும், சாகும்வரை இருந்துகொள்ளலாம் என்று விட்டுவைத்தார்கள். அப்படி எஞ்சியவர்களில் கடைசி ஆள் ஆன்னி ஷென்க். 1979இல் அவர் இறந்த பிறகு பூங்காவுக்குள் அந்தப் பழைய வாழ்க்கையிலிருந்து ஒருவரும் இல்லை.

காட்டைத் தயாரித்தவர்கள்

ஆட்கள் இறங்கிய மலைமேல் வேறு ஆட்கள் ஏறினார்கள். வேலையில்லா இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் 1933இல் தொடங்கிய சி.சி.சி. படையினர். சம்பளம் மாதம் 30 டாலர், அதில் 25 நேரே வீட்டுக்குப் போய்விடும். தேசியப் பூங்காக்களில் இந்தப் படையின் முதல் முகாம்கள் அமைந்ததே இங்கே, ஸ்கைலேண்டிலும் பிக் மெடோஸிலும்தான். அவர்கள்தான் சாலையோரக் கல்சுவர்களைக் கட்டினார்கள். சரிவுகளில் மரமும் செடியும் நட்டார்கள். வியூ பாயிண்டுகளில் பார்வையை மறைத்த மரங்களை வெட்டினார்கள். காலியான வீடுகள் பலவற்றைப் பிரித்தார்கள், சிலவற்றைக் கொளுத்தினார்கள். பட்டுப்போன செஸ்ட்நட் மரங்களை அறுத்துத் தடுப்பு வேலியும் தங்குமிடமும் ஆக்கினார்கள். 1939இல் கட்டிய பிக் மெடோஸ் லாட்ஜின் உட்பலகைகள் செஸ்ட்நட்தான்.

இந்தப் பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களும் பசித்த வீட்டுப் பிள்ளைகள். சிலர் அந்த மலையடிவாரத்துப் பிள்ளைகளே. ஒரு வரியில் சொன்னால், மந்த காலத்தில் ஓர் ஏழை வீட்டுக்கு 25 டாலர் போவதற்காக இன்னோர் ஏழை வீடு பிரிக்கப்பட்டது.

அப்படித் தயாரித்த காட்சியையும் எல்லாரும் ஒரே மாதிரி பார்க்க முடியவில்லை. வர்ஜீனியா நிறப்பிரிவினை மாநிலம். பூங்கா மத்திய அரசுடையது, ஆனாலும் உள்ளூர் வழக்கத்தை அனுசரித்தது. 1939இல் லூயிஸ் மவுண்டனில் கறுப்பினத்தவருக்கென்று தனியாக ஒரு தங்குமிடமும் உணவிடமும் முகாம் திடலும் திறந்தார்கள். 'லூயிஸ் மவுண்டன் நீக்ரோ பகுதி' என்று பலகையே இருந்தது. உள்துறை அமைச்சகத்தில் இருந்த வில்லியம் டிரென்ட் போன்றவர்கள் உள்ளிருந்தே இதை எதிர்த்து வாதாடினார்கள். பூங்கா முழுக்கப் பிரிவினை ஒழிய 1950 ஆனது. ஒரு கறுப்பினக் குடும்பம் இலையுதிர்காலத்தில் காரில் கிளம்பும் முன், எங்கே சாப்பிடலாம், எங்கே தூங்கலாம், எங்கே பெட்ரோல் போடுவார்கள் என்று பார்க்க விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல் தொடங்கிய 'கிரீன் புக்' கையேட்டைப் புரட்டவேண்டிய காலம் அது. 'சும்மா ஒரு டிரைவ்' என்பது எல்லாருக்கும் சும்மா கிடைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சாலை

முதல் நாள் ஸ்கைலைனை முடித்து, வேன்ஸ்பரோவில் தூங்கி எழுந்து, ஞாயிறு காலை பார்க்வேயில் ஏறுவது பலருடைய திட்டம். வேக வரம்பு 45 ஆகிறது. நிலமும் மாறுகிறது. இங்கே காட்டுக்கு நடுவே வயல் தெரியும், மரவேலி தெரியும், மாடு மேயும். இது தற்செயல் இல்லை. 1935 செப்டம்பரில் பார்க்வே வேலை தொடங்கியபோது அதன் வடிவமைப்பாளர் ஸ்டான்லி அபட் இருபதுகளில் இருந்த நிலவடிவக் கலைஞர். விவசாயிகளுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, பண்ணையையும் காட்சியின் ஒரு பாகமாக வைத்துக்கொள்ளும் முறையை இந்தச் சாலை கைக்கொண்டது. விளம்பரப் பலகைக்கும் சரக்கு லாரிக்கும் இடமில்லை. ஊர்களைத் தொடாமல் மேலேயே வளைந்து போகும்.

176ஆம் மைலில், ஃப்ளாய்ட் ஊரைத் தாண்டி, மாப்ரி மில் வரும். குளத்தங்கரையில் மரச்சக்கரத்தோடு ஒரு மாவு ஆலை, பின்னால் சிவந்த மேப்பிள். அமெரிக்காவில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட இடங்களில் ஒன்று என்பார்கள். எட் மாப்ரி என்பவர் மனைவியோடு நடத்திய ஆலை அது. பக்கத்தில் ஒரு பழைய மரத்தடி வீடு இருக்கிறது. பார்ப்பவர்கள் அதை மாப்ரி குடும்பத்தின் வீடு என்று நினைப்பது இயல்பு. அவர்கள் வாழ்ந்ததோ இரண்டு மாடிப் பலகை வீட்டில். பூங்காச் சேவை அதை 1940களில் இடித்துவிட்டு, பிற்பாடு வேறோர் இடத்திலிருந்து இந்த மரத்தடி வீட்டைக் கொண்டுவந்து வைத்தது. மலைக்காரர் வீடு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பயணிகள் எதிர்பார்த்தார்கள். மாப்ரியின் வீடு அதற்கு ரொம்பப் புதுசாக இருந்தது.

ஸ்கைலைனில் மனிதர்களை எடுத்துவிட்டார்கள். பார்க்வேயில் மனிதர்களை வைத்துக்கொண்டார்கள், ஆனால் நூறு வருடம் பின்னால் தள்ளி வைத்தார்கள். இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: காரில் வருபவர் கண்ணுக்கு மலை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி மலையில் இருப்பவர் மாற வேண்டும்.

எல்லாரும் மாறவில்லை. தெற்கே வட கரோலினாவில் லிட்டில் ஸ்விட்சர்லாந்து என்ற மலைவாசஸ்தலத்தை நிறுவிய ஹெரியட் கிளார்க்சன், மாநில உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியே. அவர் போராடி, தன் நிலத்தினூடே சாலைக்கு எடுக்கும் பட்டையின் அகலத்தைக் குறைக்கவைத்தார். கடைசிக் கோடியில் கிழக்கு செரோக்கி மக்கள் தங்கள் பள்ளத்தாக்கு நிலத்தின் வழியே முதலில் போட்ட பாதையை வருடக்கணக்கில் எதிர்த்து, வேறு மேட்டுப் பாதைக்கு அரசை இறங்கிவரச் செய்தார்கள். கிராண்ட்ஃபாதர் மவுண்டனின் உரிமையாளர் ஹ்யூ மார்ட்டன் தன் மலையின் உயரமான சரிவை வெட்டக்கூடாது என்று நின்றதில், சாலையின் கடைசித் துண்டு பல பத்தாண்டுகள் தாமதமானது. மலையைக் காயப்படுத்தாமல் 153 துண்டுகளாகக் கோத்த லின் கோவ் பாலத்தோடு 1987இல்தான் பார்க்வே முழுமையானது. நீதிபதிக்கு ஒரு வளைவு கிடைத்தது, நிலமுள்ள தொழிலதிபருக்கு ஒரு பாலம் கிடைத்தது, ஒற்றுமையாக நின்ற பழங்குடிக்கு ஒரு மாற்றுப்பாதை கிடைத்தது. பட்டா இல்லாத 465 குடும்பத்துப் பாதிக்கு எதுவும் கிடைக்கவில்லை. மலைப்பாதையின் வளைவுகளைப் புவியியல் மட்டும் தீர்மானிப்பதில்லை.

இலை விழுந்த பிறகு

இப்படியெல்லாம் சொல்வதால் இந்தப் பூங்கா இருந்திருக்கக்கூடாது என்று சொல்லிவிட முடியுமா? எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை. வெட்டித் தீர்ந்திருந்த சரிவுகளில் காடு திரும்பியது. ஏறக்குறைய மறைந்துபோயிருந்த கருங்கரடியும் மானும் திரும்பின. இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஒரு பெருநகரத்தின் சாதாரண ஜனத்துக்கு இவ்வளவு பெரிய காடு கிடைப்பது சின்ன விஷயமில்லை. அடிவாரத்து ஊர்களுக்கு இன்று அக்டோபர்தான் அறுவடை மாதம். ஸ்பெரிவில்லில் ஆப்பிள் விற்பவருக்கும், லூரேயில் அறை வாடகைக்கு விடுபவருக்கும் அந்த நாலைந்து வாரம் வருடத்தைத் தாங்கும். 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் தெற்கு ப்ளூ ரிட்ஜைச் சிதைத்து, வட கரோலினாவில் மட்டும் நூறு பேருக்கு மேல் பலிகொண்டபோது, பார்க்வேயின் 469 மைலும் மூடப்பட்டது. மலையூர்க்காரர்கள் வீட்டையும் இழந்து, அந்த வருட அக்டோபரையும் இழந்தார்கள். 1929க்குப் பிறகு கார்பின் ஹாலோவில் நடந்ததுபோலத்தான். அடுத்தவர் வந்து பார்ப்பதை நம்பி வாழும் வாழ்க்கைக்கு அந்த மெலிந்த நூல்தான் இன்றும்.

பிரச்சினை காடு வந்ததில் இல்லை. யாரிடம் கேட்காமல் வந்தது, அவர்களைப் பற்றி என்ன சொல்லிவிட்டு வந்தது, பிறகு அதை எவ்வளவு சுலபமாக மறந்தோம் என்பதில் இருக்கிறது. மறதி இப்போது கொஞ்சம் கலைந்துகொண்டிருக்கிறது. எழுப்பப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் ப்ளூ ரிட்ஜ் ஹெரிடேஜ் புராஜெக்ட் என்ற பெயரில், பூங்காவைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் நினைவுச் சின்னங்கள் எழுப்புகிறார்கள். சிலை இல்லை, தூண் இல்லை. வீடில்லாமல் தனியாக நிற்கும் ஒரு கல் புகைபோக்கி. அதில் குடும்பப் பெயர்களின் பட்டியல். வீடு எரிந்தாலும் இடிந்தாலும் கடைசிவரை நிற்பது புகைபோக்கிதானே.

அசலான புகைபோக்கிகளும் காட்டுக்குள் இன்னும் நிற்கின்றன. நிக்கல்சன் ஹாலோவில் ஜார்ஜ் கார்பின் 1910 வாக்கில் கட்டிய மரவீடு இடிபடாமல் தப்பி, பின்னாளில் மலையேறுபவர்கள் இரவு தங்கும் விடுதியாயிற்று. பெரும்பாலானவை அப்படித் தப்பவில்லை. கணுக்கால் உயரக் கல்சுவர், குழிந்துபோன நிலவறை, யாரும் பறிக்காமல் பழுத்து விழும் ஒற்றை ஆப்பிள் மரம், பெயரில்லாத தட்டைக் கற்கள் நட்ட குடும்ப இடுகாடு. நிறம் உச்சத்தில் இருக்கும் வாரத்தில் இவை கண்ணில் படுவதில்லை. இலை மறைத்துவிடும், நமக்கும் மேலே பார்க்கத்தான் நேரம் இருக்கும். நவம்பர் நடுவில் காற்று எல்லாவற்றையும் உதிர்த்த பிறகு, "இனி அங்க பார்க்க ஒண்ணும் இல்ல" என்று வாட்ஸ்அப் குழு அடங்கிய பிறகு, அந்தக் கல் வரிசைகள் மரங்களுக்கு நடுவே நேர்கோடாக வெளியே வருகின்றன. காட்டில் நேர்கோடு தானாக முளைப்பதில்லை. அது யாரோ ஒருவருடைய வேலி.